ஆறு மாதம் தாமதமாக வந்த பெயர்

என் அன்புள்ள அப்பா,

பேச்சில் உங்களை 'நீ' என்று சொல்லித்தான் வளர்ந்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். இப்போது எழுத உட்கார்ந்தால் கை தானாகவே 'நீங்கள்' என்று போடுகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் தராத மரியாதை இது. இப்போதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இது நான் உங்களுக்கு எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தைப் போன வருஷம் வகுப்புக்காக எழுதினேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு உதவும் வழிகளில் ஒன்று, இறந்தவருக்கு அவர்களைக் கடிதம் எழுத வைப்பது. பிறரைச் செய்யச் சொல்லும் முன் நாமே செய்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் படிப்பில் விதி. நானும் எழுதினேன், உங்கள் உழைப்பு, உங்கள் அன்பு, உங்கள் கனவு என்று இரண்டு பக்கம். எங்கள் மேடம் அதைப் படித்துக் கண் கலங்கினார். நல்ல மதிப்பெண் போட்டார். அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை அப்பா.

உண்மையை எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கலியபெருமாள், விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தார். கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் அங்கே செய்தார்கள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பீங்கானையும் சின்ன மரக்கட்டையால் தட்டிப் பார்ப்பது அப்பாவின் வேலை. 'டிங்' என்று கேட்டால் நல்ல பீங்கான். 'டொக்' என்று கேட்டால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் கண்டுபிடிப்பவர் என்று அவருக்கு ஒரு காலத்தில் பேர் இருந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது அந்தப் பேர் மாறத் தொடங்கியது. நீங்கள் ஒரு பீங்கானைத் தட்டுவீர்கள். டிங். ஓரமாக வைப்பீர்கள். கை அதை விடாது. திரும்ப எடுத்துத் தட்டுவீர்கள். அப்புறம் இன்னொரு தரம். ஆறாவது தரம் தட்டும்போது உங்கள் காதுக்கு அது 'டொக்' என்று கேட்டுவிடும். நல்ல பீங்கானை உடைத்துக் கழிவில் போட்டுவிடுவீர்கள். கழிவுக் குவியல் வளர்ந்தது. லாரி காத்திருந்தது. உங்களுக்கு 'டொக்கு' என்று பட்டப்பேர் வைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகும்போது 'டொக்கு மவ போறா' என்று பையன்கள் சைக்கிள் மணியைத் தட்டினார்கள்.

கடைசியில் மேஸ்திரி ராஜமாணிக்கம் ஒருநாள் வீட்டுக்கே வந்தார். உங்களோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். வாசலில் நின்றபடியே அம்மாவிடம் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. அவரு நல்ல மனுசன்தான். ஆனா கட்டைய கையில குடுத்தா கீழ வைக்க மாட்டேங்குறாரு. மொதலாளி போகச் சொல்லிட்டாரு. நான்தான் கெஞ்சி மண்ணு அரைக்கிற எடத்துல போட்டுருக்கேன். அங்க எதையும் தட்டிப் பாக்க வேணாம் பாரு."

அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்தார். மண் அரைக்கும் கொட்டகையில் பரிசோதிக்க எதுவுமே இல்லை. தூசி மட்டும்தான் இருந்தது. ஐந்து வருஷம் அதை மூச்சாக இழுத்தீர்கள்.

வேலை மாறியது. உங்கள் கை மாறவில்லை. பூட்டு, ஸ்டவ்வு, தண்ணீர்க் குழாய் என்று அது வேறு இடம் தேடிக்கொண்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனையிலிருந்து திரும்பி வருவீர்கள். பூட்டை இழுத்துப் பார்ப்பீர்கள். "பூட்டிட்டனா?" என்று அம்மாவைக் கேட்பீர்கள். "பூட்டியாச்சிங்க" என்பாள் அம்மா. "நல்லா பாத்தியா?" "பாத்துட்டேங்க." "சாமி சத்தியமா?" "சத்தியமாங்க." அப்புறம் பத்தடி நடப்பீர்கள். மறுபடி முதலிலிருந்து.

நாம் சும்மா இருந்துவிடவில்லை. டாக்டரிடம் போனோம். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு டானிக்கும் தூக்க மாத்திரையும் எழுதினார். பழமலைநாதர் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அம்மா வழி மாமா ஒருவர் உங்களுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார். அதற்கப்புறம் கயிறு அவிழ்ந்துவிட்டதா என்று அதையும் பார்க்க ஆரம்பித்தீர்கள். இதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கயிற்றைத் தடவினீர்கள்.

பிளஸ் டூ பிசிக்ஸ் பரீட்சை நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒருபோதும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன்.

பரீட்சை மையம் ஊரின் அந்தக் கடைசியில். சைக்கிளில் நீங்கள் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. ஹால் டிக்கெட் தொலைந்துவிடக் கூடாது என்று அதை உங்கள் சட்டைப்பையில் வைத்திருந்தீர்கள். நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டீர்கள். ரயில்வே கேட்டு வந்ததும் உங்கள் முகம் மாறியது. "ஸ்டவ்வ அணைச்சனா பாப்பா? ஒரே நிமிஷம், நில்லு" என்று என்னை இறக்கிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினீர்கள். ஹால் டிக்கெட்டும் உங்களோடு போய்விட்டது. வந்தீர்கள். கேட்டைத் தாண்டினோம். "ஸ்டவ்வப் பாத்தேன், பூட்டுனனான்னு தெரியலயே" என்றீர்கள். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் உதறிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு மட்டும்தான் என் கையை உதறினீர்கள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அரைமணி நேரம் கடந்துவிட்டது. உள்ளே விடவில்லை. பள்ளிக்கூட வாசலில், வாட்ச்மேனும் இரண்டு டீச்சர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நான் உங்களைப் பார்த்துச் சொன்னேன்: "ஒரு பூட்டக்கூட நம்ப முடியலன்னா நீயெல்லாம் எதுக்கு உசுரோட இருக்குற?"

நீங்கள் சைக்கிள் ஸ்டாண்டை ஒருமுறை காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டீர்கள்.

பிசிக்ஸைத் துணைத் தேர்வில் எழுதித் தேறினேன். டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் விண்ணப்பம் போடும் காலம் போயிருந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் உளவியலில் மட்டும் இடம் காலியாக இருந்தது. மனசைப் பற்றிய படிப்பை நான் தேடிப் போகவில்லை அப்பா. உங்கள் மேல் இருந்த கோபம் என்னை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது. ஊரில் யாராவது கேட்டால், "மனசப் பத்தின படிப்பாம்" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களாம். சரியாகத்தான் சொன்னோமா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பிப் போய் இன்னொரு தரம் சொல்வீர்களாம். அம்மா சொன்னாள்.

இரண்டாம் வருஷத்தில் உங்கள் இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தீர்கள். ஆக்சிஜன் சிலிண்டரின் திருகு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததுதான் வினை. "தெறந்து இருக்குதா?" என்று கேட்பீர்கள். "தெறந்துதான் இருக்குதுங்க" என்பாள் அம்மா. கை அதற்குள் திருகுக்குப் போயிருக்கும். திறந்து, மூடி, திறந்து. நர்ஸம்மா இரண்டு தரம் திட்டினார். மூன்றாம் தரம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பிடி திருவிக்கிட்டே இருந்தா இவரே மூடிக்குவாரும்மா. கைய கட்டிடவா?"

நான் சொன்னேன்: "கட்டுங்க."

வெள்ளைக் கட்டுத்துணியால் உங்கள் வலது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்பீர்களோ என்று நினைத்தேன். அதைக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம், நான் மாத்திரை வாங்கப் போயிருந்தபோது, போய்விட்டீர்கள். நான் வந்த பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மூன்றாம் வருஷ வகுப்பில் மனநோய்கள் பற்றிய பாடம் தொடங்கியது. ஒருநாள் காலை லெக்சரர் வந்து, கரும்பலகையில் எழுதாமல் வாயாலேயே சொன்னார். ஒரு மனிதர் பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார், பூட்டியிருக்கிறது என்று அவருக்கே தெரியும், இருந்தாலும் நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது. சொல்லிவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுப்பதை நடித்துக் காட்டினார். நன்றாக நடித்தார். வகுப்பே சிரித்தது.

நானும் சிரித்தேன். முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். டொக்கு மகள் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற பயம்.

சிரிப்பு அடங்கியதும் அவர் நோயின் பெயரைச் சொன்னார். ஓ.சி.டி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். அதற்கு மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே குறையும் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். மூன்று எழுத்தில் ஒரு பேர், அப்பா. விருத்தாசலத்தில் அத்தனை வருஷம் எங்கள் யாருக்கும் கிடைக்காத பேர். பட்டப்பேர் வைக்க மட்டும் ஊரே கூடியிருந்தது.

அதற்கப்புறம்தான் வைராக்கியமாகப் படித்தேன். பி.எஸ்ஸி. முடிந்து எம்.எஸ்ஸி., அதன்பின் ஆஸ்பத்திரியிலேயே இருந்து படிக்கும் எம்.ஃபில். சிகிச்சை முறைகள் பல. ஒவ்வொன்றைப் படிக்கும்போதும் உங்களைத்தான் அதில் உட்கார வைத்துப் பார்த்தேன். குழந்தைப் பருவத்தில் தேடு என்றது ஒரு முறை. உங்கள் சின்ன வயசைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒருநாளாவது கேட்டேனா? எதிரே இருப்பவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொள் என்றது இன்னொன்று. அந்தப் பாடத்தைப் பரீட்சையில் அழகாக எழுதினேன். நோயாளியின் வரலாற்றை எழுதும் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: தகவல் தருபவர் நம்பத் தகுந்தவரா? உங்கள் வரலாற்றை எழுதியிருந்தால் அந்த இடத்தில் என் பேருக்கு எதிரே என்ன போட்டிருப்பேன்?

உங்கள் நோய்க்கான பயிற்சி கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். பூட்டிவிட்டு வா. திரும்பிப் போகாதே. பயம் ஏறும், ஏறட்டும். நான் பக்கத்தில் இருக்கிறேன். நேரம் போகப் போக அது தானாக இறங்கும். நாளைக்கும் இதையே செய்வோம். இவ்வளவுதான். கூடவே வீட்டுக்காரர்களுக்கு ஒரு பாடம்: 'பூட்டியாச்சு, பூட்டியாச்சு' என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். அந்த ஆறுதல் நோய்க்குப் போடுகிற சோறு.

அதைப் படித்த அன்று எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி வந்தது. பதில் சொன்னது அம்மாதானே? நான் ஒருநாளும் சொன்னதில்லையே? அப்படியானால் நான் செய்ததுதான் வைத்தியமோ? மேடத்திடம் யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டேன். "வீட்டில் ஒருத்தர் பதிலே சொல்லாமல் எரிந்து விழுந்தால்?" மேடம் யோசிக்காமலேயே சொன்னார்: "அது சிகிச்சை இல்ல வளர்மதி. தனியா விட்டுட்டுப் போறது. பயம் இன்னும் அதிகமாகும்." அந்த நிம்மதியும் அத்தோடு போயிற்று.

எம்.ஃபில். கடைசி வருஷத்தில் ஒருவர் வந்தார். பேரைச் சொல்லக் கூடாது. ஒரு கல்லூரியில் அறைகளைப் பூட்டித் திறக்கும் உதவியாளர். உங்கள் வயசு. உங்கள் கை. அவரை எனக்குத்தான் கொடுத்தார்கள். நான்கு வாரம் எல்லாம் சரியாகச் செய்தேன். ஐந்தாம் வாரம் அவர் வந்து, பயிற்சியைச் செய்ய முடியவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போய்விட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டார். "கோச்சிக்காதீங்க மேடம்" என்றார்.

"ஒரு பூட்டக்கூட நம்ப முடியலன்னா எப்படிங்க?" என்றேன்.

பயிற்சித் தாளை நாலாக மடித்தார். "வரேம்மா" என்று எழுந்து போனார். அடுத்த வாரம் வரவில்லை.

நோயாளிகளோடு நாங்கள் பேசுவதை அவர்கள் அனுமதியோடு டேப்பில் பதிவு செய்வோம். மேடம் அதைப் போட்டுக் கேட்டார். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டார். "இந்த வாக்கியம் பாதியில நிக்குது. மிச்சம் என்ன?" என்றார்.

மிச்சத்தைச் சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் சொன்னதை முழுசாக, நம் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். அப்புறம் கட்டுத்துணியைப் பற்றியும் சொன்னேன். மேடம் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். அந்த மனிதருக்குத் தானே போன் செய்து மன்னிப்புக் கேட்டு, என் வகுப்பில் படித்த இன்னொரு பையனிடம் அனுப்பினார்.

அவர் குணமானார் அப்பா. அதைத்தான் சொல்ல வந்தேன். மூன்று மாதம் கழித்து வராந்தாவில் எதிரே வந்து நின்றார். "மேடம், இப்பல்லாம் பூட்டிட்டுத் திரும்பிப் பாக்காம போயிடுறேன். சம்சாரம் நம்பவே மாட்டேங்குறா" என்று வாய் நிறையச் சிரித்தார். நானும் சிரித்து, கைகூப்பி, கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் குணமாகாமலே இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன். இப்படி ஒரு வாக்கியத்தை எழுதுகிற பெண்ணுக்கு மனநல நிபுணர் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

படிப்பு முடிந்து போன மாதம் வீட்டுக்கு வந்தேன். வாரத்தில் ஒருநாள் இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் உட்காரப் போகிறேன். வந்த அன்று மாலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்பாவுக்கு என்னா நோவு? படிச்சவதானே, சொல்லு."

பேரைச் சொன்னேன்.

"அதுக்கு மருந்து இருக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இருந்துச்சும்மா. பயிற்சியும் இருந்துச்சு. நமக்கு யாரும் சொல்லல" என்றேன். என்ன பயிற்சி என்று கேட்டாள். சொன்னேன். பாதிக்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

"அப்ப நான் பூட்டியாச்சிங்க, பூட்டியாச்சிங்கன்னு சொன்னதெல்லாம்?"

"நீ சொன்னதாலதான் அவரு வூட்ட விட்டு வெளிய போக முடிஞ்சுது. வேலைக்குப் போக முடிஞ்சுது. அதுவும் நெசந்தாம்மா."

அம்மா கீரைக் கட்டை அப்படியே முறத்தில் வைத்தாள். "இதத் தெரிஞ்சிக்கவா ஏழு வருஷம் படிச்ச?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தட்டைப் பார்த்தே போட்டாள். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இது எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரப்படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதிர்வூட்டு மருமவ நாளெல்லாம் கைய கழுவிக்கிட்டே கெடக்குது. தோலெல்லாம் உரிஞ்சி போயிருக்குது. மாமியாக்காரி போட்டு அடிக்கிறா. அதுவும் இந்த நோவுதானா?"

"பாத்தாதாம்மா தெரியும்."

"கூட்டியாறேன். அந்த மாமியாளையும் கூட்டியாறேன். ரெண்டு பேருக்கும் சொல்லு. நல்லா புரியற மாதிரி சொல்லு."

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். என்னைவிட அவள் தைரியசாலி அப்பா. அது உங்களுக்கு முன்னமே தெரிந்திருக்கும்.

அந்தப் பெண் வியாழக்கிழமை வருகிறாள். இருபத்திரண்டு வயசு. அவளுக்கு நோயின் பேரை முதல் நாளே தமிழில் சொல்வேன். குழாயடியில் அவள் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் தோற்று வந்தால் மறுநாள் திரும்பத் தொடங்குவேன். அவளுக்குச் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன். சரியாகிப் போகிற ஒவ்வொருவர் மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். உங்களுக்குக் கிடைக்காதது இவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று வரும். அது வராமல் இருக்கப் பார்க்கிறேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வரட்டும். அதை அவர்கள் முகத்தில் மட்டும் காட்ட மாட்டேன். என்னால் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் பெண்
வளர்மதி